பவர் டேபிளும் கழுத்து வலியும்: தங்கைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாக பவர் டேபிளில் (மோட்டார் தையல் மெஷினில்) ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) அடிக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் கழுத்து பிடித்துக்கொண்டது, பத்து நாளில் சரியாகிவிட்டது. இந்தத் தைப்பூசம் முடிந்து மறுபடி வந்த வலி இன்னும் போகவில்லை. சாயங்காலம் ஆனால் பிடரியிலிருந்து தோள் வரை கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு கழுத்தெலும்பு தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை வாங்கி மூன்று மாதமாகப் போட்டிருக்கிறேன். தையலை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். வாராவாரம் குழுக் கடன் கட்டுகிறவள் எப்படி விடுவது? காலை நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. என் அம்மாவுக்கும் கழுத்து வலி உண்டு. 29 வயதுத் தங்கச்சியும் இப்போது என் லைனில்தான் தைக்கிறாள். போன மாதம் அவளுக்கும் நாலு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஊசியில் நூல் கோர்க்கக்கூட இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறேன். இது ஏன் வருகிறது? அவளும் என்னைப் போல ஆகிவிடுவாளா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது ‘தேய்மானம்’ என்ற சொல். ஆனால் உங்கள் கழுத்து வலிக்குக் காரணமாக நான் கடைசியாகச் சந்தேகப்படுவது அதைத்தான். நான் முதலில் சந்தேகப்படும் விஷயங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவற்றைக் காரணமாக நினைக்காமல்.

முதலில் எக்ஸ்ரே. நாற்பதைத் தாண்டியவர்களில் பலரின் கழுத்தைப் படம் பிடித்தால், வலி இல்லாவிட்டாலும் ‘தேய்மானம்’ என்று அறிக்கை வரும். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நாலில் மூன்று பேருக்கு அப்படி. அவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். 2000 முதல் 2010 வரை கழுத்து வலிக்கென்றே உலக அளவில் அமைத்த நிபுணர் குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2008-ல் அறிக்கை கொடுத்தது. வயதோடு வரும் சாதாரணத் தேய்மானம் கழுத்து வலியை உண்டாக்கும் பெரிய காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆகவே அந்தப் படத்தைப் பீரோவில் வைத்துவிடுங்கள். உங்கள் கழுத்து உதிர்ந்துகொண்டிருக்கவில்லை. தைத்தால் எலும்பு மேலும் தேய்ந்துவிடும் என்று நினைத்து நடுங்கவும் வேண்டாம்.

அப்படியானால் வலி எங்கிருந்து வந்தது? தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையில் தொங்கவிட்டால் பாரம் தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தோள் கடுக்கும். தலை முன்னால் குனியும்போது பிடரித் தசைக்கு அந்த வேலைதான். குனிவதால் கெடுதல் இல்லை. குனிந்தபடியே நிற்பதுதான் சிக்கல். தசை சுருங்கி விரிந்தால் இரத்தம் ஓடும், சுருங்கியபடியே நின்றால் ஓட்டம் குறையும். தசைக்குள் சில மெல்லிய இழைகள் உண்டு. சின்ன வேலை என்றாலும் முதலில் கூப்பிடுவது அவற்றைத்தான், வேலை முழுக்க முடிந்தால்தான் அவை ஓயும். காலையில் முதல் ஆளாக வந்து ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போகிற ஹெல்ப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஓய்வு கிடைக்காது. உங்களுக்குச் சாயங்காலம் ஏறும் ‘கல்’ அதுதான் என்பது என் கணிப்பு.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் தொழிலாளர்களைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் அம்மாவின் பின்னால் கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். கறுப்பு டி-ஷர்ட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். கறுப்புத் துணி, கறுப்பு நூல். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. ஒரு பண்டில் முடிந்து அடுத்ததை எடுக்கும்போது மட்டும் தலை நிமிர்ந்தது. அப்புறம் வெள்ளைத் துணி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த அம்மா தானாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசிக்கும் முகத்துக்கும் இடைவெளி இரண்டு மடங்கானது. ‘நேராக உட்காருங்கள்’ என்று தையல்காரர்களிடம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். கண் எங்கே இழுக்கிறதோ கழுத்து அங்கேதான் போகும்.

அதனால்தான் ஊசியில் நூல் கோர்க்கத் தங்கையைக் கூப்பிடுகிறேன் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி என்னை நிறுத்தியது. 41 வயதில் உங்களுக்கு வெள்ளெழுத்து தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும்போது தையல்காரர் வெளிச்சத்தையும் ஊசியையும் தேடிக் குனிகிறார். தெளிவாகத் தெரியும் தூரத்தைத் தேடித் தலை முன்னும் பின்னும் அலைகிறது, தோள் இறுகுகிறது. இத்தனை மாத வலியில் உங்கள் கண்ணை யாராவது பார்த்தார்களா? இந்த வாரமே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதிப்பவரிடம் ‘படிக்கக் கண்ணாடி’ என்று மட்டும் சொன்னால் போதாது. கண்ணிலிருந்து ஊசி வரை எவ்வளவு தூரம் என்று தங்கையை டேப் வைத்து அளக்கச் சொல்லி, அந்தச் சென்டிமீட்டரைச் சொல்லுங்கள். புத்தகத்தின் தூரமும் ஊசியின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி. டென்மார்க்கில் தையல் இயந்திரத்தில் வேலை செய்த பெண்களைப் பரிசோதித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், தையலில் இருந்த ஆண்டுகள் கூடக் கூடக் கழுத்து, தோள் வலியும் கூடியது. நெதர்லாந்தில் 34 நிறுவனங்களின் தொழிலாளர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதினார்கள். வேலை நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தவர்களுக்குக் கழுத்து வலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேரத்தில் பெரும்பகுதி கழுத்தை 20 டிகிரிக்கு மேல் குனிந்தே வைத்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுவது போலத் தெரிந்தது. இருபது டிகிரி என்பது பெரிய குனிவு இல்லை. தைக்கும்போது நீங்கள் குனிவது நிச்சயம் அதற்கு மேல்.

அதே நெதர்லாந்து தொழிலாளர்களிடம் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வேலையின் நெருக்கடி எவ்வளவு, பக்கத்தில் இருப்பவர்கள் கை கொடுக்கிறார்களா என்ற கேள்வி. வேலை நெருக்கடி அதிகமாக இருந்தவர்களுக்கும், கூட வேலை செய்பவர்களின் ஆதரவு குறைவாக இருந்தவர்களுக்கும் கழுத்து வலி கூடுதலாக வந்திருந்தது. முதல் முறையாகக் கழுத்து வலி வருபவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் உட்காரும் விதத்தைவிட மன அழுத்தம், வேலைச்சுமை, வேலையில் தன் கையில் எதுவும் இல்லை என்ற நிலை ஆகியவற்றையே அதிகம் சுட்டுகிறார்கள். இதைச் சொன்னால் ‘வலி மனசில்தான் இருக்கிறது என்கிறீர்களா’ என்று பலர் கோபப்படுவார்கள். இல்லவே இல்லை. உங்கள் வலி தசையில், நரம்பில், உடம்பில் இருக்கிறது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் தோள் காதை நோக்கி ஏறுகிறதா இல்லையா? ஏறிய தோள் அவர் போன பிறகும் இறங்குவதில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தாலே காசு போகிறது என்று கணக்குப் போடுவார். வியாழக்கிழமை தவணை என்றால் புதன்கிழமை ராத்திரி தூக்கம் வராது. இதெல்லாம் சேர்ந்துதான் கழுத்தில் உட்காருகிறது.

தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். நாள் முழுக்க இறுகிய தசை தளர்வதும், வலியை உணரும் நரம்புகள் அடங்குவதும் தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தவர்களுக்கு வலி புதிதாக வருவதும், வந்தது நிலைத்துப்போவதும் அதிகம். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நாலரைக்கு எழுவது சமையலுக்குத்தான் என்றால், அந்த வேலையில் பாதியை வேறு யாராவது எடுத்துக்கொள்வது உங்கள் கழுத்துக்கு நேரடி மருத்துவம். வேலையை விடச் சொல்பவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள். வேலையை விட்டுவிட்டு ஐந்து மணி நேரத் தூக்கத்தோடும் கடன் கவலையோடும் வீட்டில் இருந்தால் கழுத்து சரியாகும் என்று என்னால் சொல்ல முடியாது.

பெண், நடுத்தர வயது என்ற இரண்டும் கணக்கில் சேரும். 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். புகைபிடிப்பதும் உடற்பயிற்சி இல்லாததும் பட்டியலில் உண்டு. செல்போன் பார்ப்பதுதான் காரணம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று சுற்றும் படம் 2014-ல் கணினியில் போட்ட ஒரு கணக்கு, மனிதக் கழுத்தில் அளந்தது அல்ல. பிரேசிலில் 18 முதல் 21 வயதுக்காரர்களைப் பார்த்தபோது குனிந்து போன் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாக வலி இருக்கவில்லை. ராத்திரி பத்து நிமிடம் போன் பார்ப்பதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தூக்கத்தை அது தின்றால் மட்டும் குறையுங்கள்.

அம்மாவுக்கும் கழுத்து வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அவரிடமிருந்து வந்ததா? 33,794 இரட்டையர்களை வைத்து டென்மார்க்கில் செய்த ஆய்வில் மரபுக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. வயது ஏற ஏற அந்தப் பங்கு குறைந்து, வாழும் சூழலின் பங்கு கூடியது. அம்மாவுக்கு இருப்பதால் உங்கள் இருவருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், தலையெழுத்து இல்லை.

இனி தங்கையைப் பற்றி. கழுத்து வலியில் எல்லாக் காரணங்களையும்விட வலுவானது, முன்பே ஒரு முறை வந்திருப்பது. நான் சொன்ன 2008 அறிக்கையின்படி, ஒரு முறை வந்தவர்களில் பாதி முதல் முக்கால்வாசிப் பேர் ஒன்றிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் மறுபடி வலி இருப்பதாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு நடந்ததும் அதுதான். முதல் முறை பத்து நாளில் போனது, நீங்களும் மறந்துவிட்டு அதே ஸ்டூலில், அதே வெளிச்சத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. தங்கை இப்போது நிற்பது நீங்கள் இரண்டு வருடம் முன்னால் நின்ற இடத்தில். வலி போய்விட்டதே என்று அவள் சும்மா இருக்கும் இந்த மாதங்கள்தான் மாற்றம் செய்ய நல்ல காலம். பாதி முதல் முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பும் என்றால், திரும்பாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உட்காரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கழுத்து, தோள் வலி இருந்த 277 தையல் தொழிலாளர்களில் சிலருக்கு உயரம் மாற்றக்கூடிய நாற்காலி கொடுத்துப் பார்த்தார்கள். நாற்காலி மாறாதவர்களைவிட அவர்களுக்கு நாலு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. கம்பெனியில் அப்படி நாற்காலி கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வேஸ்ட் துணியை மடித்துக் கட்டி உயரத்தைச் சரிசெய்யலாம். மேசை உங்கள் முழங்கை மட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பலர் நினைப்பதற்கு இது நேர்மாறு. மேசை தாழ்ந்தால் ஊசி கீழே போகும், கழுத்தும் கூடவே போகும். மேசையின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து, மேசை உங்களை நோக்கிச் சற்றுச் சாய்கிற மாதிரி செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு கேளுங்கள், கறுப்பு, கருநீலத் துணி ஓடும் நாட்களில் கட்டாயம் வேண்டும்.

இதைவிடப் பெரியது இடைவெளி. மணிக்கொரு முறை பத்து நிமிடம் என்று எழுதினால் உங்களால் முடியாது, எனக்கும் தெரியும். பண்டிலைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் அடுத்ததை உட்கார்ந்தபடி இழுக்காமல் எழுந்து நின்று எடுங்கள். நிற்கும்போது தோளை மேலே தூக்கி, பின்னால் உருட்டிக் கீழே விடுங்கள், இரண்டே முறை. கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். பதினைந்து விநாடிதான் ஆகும். அந்த ஓயாத இழைகளுக்கு அது போதும் மூச்சு விட. சூப்பர்வைசரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வலியோடு தைக்கும் கை சாயங்காலம் தப்பும், ஆல்டர் (திருப்பித் தைக்க வேண்டிய பீஸ்) கூடும், இது அவருக்கும் தெரியும். சகோதரிகள் இருவரும் ஒரே லைனில் இருப்பது நல்லது. பக்கத்தில் கை கொடுக்க ஆள் இருப்பதும் கழுத்தைக் காப்பாற்றும் என்று மேலே சொன்னேனே.

கழுத்துக்கு வலு சேர்க்க ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலக ஊழியர்களை வைத்து 2011-ல் வெளியான ஆய்வு இது. ரப்பர் பட்டையைப் பிடித்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம். பத்து வாரத்தில் வலி குறைந்தது. பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது, இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. பட்டை இல்லாதவரை அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். முழங்கையை லேசாக மடக்கி, கை களைக்கும் வரை மெதுவாகச் செய்யுங்கள். முதல் வாரம் தோள் கொஞ்சம் கடுக்கும், பயப்பட வேண்டாம். கைக்குள் மின்சாரம் போல வலி ஓடினால் மட்டும் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். மூன்று மாதம் போட்ட பட்டை தசையைச் சோம்பலாக்கும். ஒரே நாளில் எடுக்கப் பயமாக இருந்தால் இந்த வாரம் பஸ்ஸில் மட்டும் போடுங்கள், அடுத்த வாரம் அதுவும் வேண்டாம். தலையணை ஒன்று போதும், ஒருக்களித்துப் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடத்தை நிரப்பும் அளவு. கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள், தங்கையையும் விடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அந்த எலும்புகளுக்குள்தான் ஓடுகிறது. திடீர்த் திருப்பலில் அது கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

நான் இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணக் கழுத்து வலிக்கு. கையில் பலம் குறைந்து பொருள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கீழே விழுந்தோ வண்டி மோதியோ வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, நெஞ்சு அழுத்தத்தோடு கழுத்துக்கோ தாடைக்கோ இடது கைக்கோ வலி ஏறுவது, திடீரென்று கடுமையான தலைவலியோடு பேச்சுக் குழறுவது, இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. இருந்தும் நான் உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை, ஆகவே பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் இயன்முறை (பிசியோதெரபி) பிரிவில் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டு நாட்காட்டியில் இன்றிலிருந்து தினமும் இரண்டு எண் எழுதுங்கள். காலை எழும்போது வலி பத்துக்கு எத்தனை, வேலை முடிந்து வரும்போது எத்தனை. ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளுக்கும் கறுப்புத் துணி ஓடிய நாளுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தங்கைக்கும் தனியாக எழுதுங்கள், அவளுக்கு வலி இல்லாவிட்டாலும். பத்து வாரம் கழித்து அந்தத் தாள்களோடு, புதுக் கண்ணாடி போட்ட பிறகு ஊசிக்கும் கண்ணுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.